நைனா நேர்ந்துகொண்ட ஐந்து தலை

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனை முடிந்த நேரத்தில் மிஷன் காம்பவுண்டு பாஸ்கெட்பால் கோர்ட்டுக்கு வந்தவர்கள் நான்கே பேர். டீமுக்குக் கோச்சாக இருந்த நர்ஸ் அக்கா வந்திருந்தார். சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்கும் என் நண்பன் வந்திருந்தான். நான் இருந்தேன். என்னைக் கூட்டிப்போக மொபெட்டில் வந்த நைனா, என் அப்பா, வண்டியை விட்டு இறங்காமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். வராதவர்களைச் சொன்னால்தான் எங்கள் பாஸ்கெட்பால் டீமின் நிலைமை விளங்கும். கேப்டன் பெங்களூரில் வீடு வீடாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார். உயரமான இரண்டு அண்ணன்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார்கள். தூரத்திலிருந்து பந்து போடுவதில் கெட்டிக்காரரான அண்ணன் குவைத்தில் டிரைவர். இன்னொருவர் கல்யாணம் செய்துகொண்டு இதே சித்தூரில்தான் இருந்தார். எல்லோரையும்விடத் தொலைவுக்குப் போனவர் அவர்தான்.

அக்கா சேதி கொண்டுவந்திருந்தார்.

"திருப்பதியிலருந்து செக்ரட்டரி சார் போன் பண்ணாரு. டோர்னமெண்ட்டுக்கு எட்டு டீம்தான் கூப்பிடுவாங்களாம். நம்மளவிட நல்லா ஆடறவங்க நெறைய பேர் கேட்டுக்கினு இருக்காங்களாம். இந்த ஒரு வாட்டி நம்மளக் கூப்பிடறாங்க. மொத மேட்ச்சுல தோத்துட்டா அதோட சரி."

"ஜெயிச்சா?" என்றான் நண்பன்.

"ஜெயிச்சா அடுத்த வருஷமும் உண்டு."

மொபெட்டின் மேலிருந்து நைனா சொன்னார்: "ஆளு எங்கம்மா இருக்குது? இங்க இருக்கிறதே நாலு பேரு. நான் வேணும்னா கோல் கீப்பரா நிக்கிறேன்."

எத்தனையோ வருஷமாக அந்தக் கோர்ட் ஓரம் வந்து நின்றவர். பாஸ்கெட்பாலில் கோல் கீப்பர் கிடையாது என்பது அவர் மண்டையில் இன்றுவரை ஏறவே இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனா மாங்காய் சீசனில் மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் கூடை தூக்குவார். மற்ற மாதங்களில் கிடைத்த வேலை. மிஷன் காம்பவுண்டுக்குள் இருந்த பள்ளியில் என்னைச் சேர்த்தபோது, நம்ம சாமி வேறயாச்சே என்று தெருவில் யாரோ கேட்டார்களாம். "படிப்புக்கு ஏதுப்பா சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். பள்ளி விட்டபின் அவர் வேலை முடிந்து வரும்வரை நான் காத்திருக்க வேண்டும். காத்திருந்த இடம், கோர்ட் ஓரத்துச் சிமெண்ட் படி. வெடித்த தரை, கீழ்ப்பக்கம் கொஞ்சம் வளைந்த வளையம், வலையே இல்லாத கூடை. சாயங்கால வெயில் பலகையில் விழுந்து, பந்து அந்த வெளிச்சத்துக்குள் ஏறி ஒரு நொடி அங்கேயே தங்கிவிடுவதுபோல் இருக்கும். இறங்குமா, இறங்காதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன். என் முதல் பாடம் அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

வீட்டுக்குப் போகும் வழியில் நைனா கேட்பார்: "இன்னிக்கு இன்னாடா சொல்லிக்குடுத்தாங்க?" பின்னம் என்பேன். ஒளிச்சேர்க்கை என்பேன். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே தலையாட்டுவார். பிறகு "சரி, யாரு ஜெயிச்சது?" என்பார். அந்தக் கேள்வியில் அவர் குரல் லேசாகிவிடும். பள்ளியிலிருந்து நான் கொண்டுவந்தவற்றில் அவருக்குப் புரிந்தது அது ஒன்றுதான். அதனால் தினமும் ஒரு வெற்றியைக் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு இருந்தது. எங்கள் டீம் அப்போதே தோற்க ஆரம்பித்திருந்தது. சில நாள் பொய் சொல்லியிருக்கிறேன்.

நான் குள்ளம். ஆடுவதற்கு யாரும் என்னைச் சேர்த்ததில்லை. சேர்க்கச் சொல்லி நானும் கேட்டதில்லை. பார்ப்பதற்கும் ஓர் ஆள் வேண்டுமே. காலேஜ் முடித்துத் திருப்பதியில் ஒரு ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்தது. தினமும் பஸ். பாகாலா தாண்டியதும் பாறைக் குன்றுகள் வரும். ஒன்றின் மேல் ஒன்றாக யாரோ எடுத்து வைத்ததுபோன்ற உருண்டைப் பாறைகள். ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு நான் மேட்ச் ஆடுவேன். ஒரு பாறையைத் தூக்கி அடுத்த குன்றின் மேல் போடுவேன். குவைத் அண்ணன் திரும்பி வந்திருப்பார், கேப்டனுக்கு முட்டி வலி போயிருக்கும், வளையத்தில் புது வலை தொங்கும். சந்திரகிரிக் கோட்டை வருவதற்குள் ஜெயித்துவிடுவோம். பஸ்ஸில் எங்கள் டீம் தோற்றதே இல்லை.

டீமைத் திரும்பக் கட்டியதில் என் பங்கு ஒன்று உண்டு. அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நைனா புதிதாக இன்னொரு பழைய மொபெட் வாங்கினார். பூஜை போடக் காணிப்பாக்கம் போனோம். கோயில் தெருவில் ஒரு லாரியிலிருந்து தேங்காய் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மேலே நின்றவர் வீச, கீழே பனைமரம்போல் ஒருவன் நின்று பிடித்துக் கடைக்குள் குவியலில் போட்டான். வலக்கையில் ஒன்று, இடக்கையில் ஒன்று. திரும்பிப் பார்க்கவே இல்லை. ஆனால் ஒவ்வொரு தேங்காயும் குவியலின் மேல் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்தது. என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. நைனா வண்டிக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவனிடம் கேட்டேன்.

"தம்பி, பாஸ்கெட்பால் ஆடுவியா?"

அவன் தேங்காயைப் பிடித்துக்கொண்டே, "டப்பு இஸ்தாரா அன்னா?" என்றான். காசு தருவார்களா என்று.

"காசு கெடையாது. பிராக்டிஸ் முடிஞ்சா முட்டை குடுப்பாங்க."

"எத்தினி?"

"ரெண்டு."

"வேகவெச்சதா?"

"வேகவெச்சது."

கையைத் துடைத்துக்கொண்டு, எந்த பஸ்ஸில் வரவேண்டும் என்று கேட்டான். முட்டை தருவதாக அக்காவிடம் நான் இன்னும் சொல்லவேயில்லை.

அப்படியே மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கர்நாடக எல்லையில் உள்ள குப்பம் ஊரிலிருந்து சித்தூருக்கு டிப்ளமோ படிக்க வந்த பையன் ஒருவன். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசுவான், பந்தையும் அப்படித்தான் யாரும் எதிர்பாராத பக்கம் திருப்புவான். கார்வேட்டிநகரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வரும் அண்ணன் தம்பி இருவர். வீட்டில் பேசிக்கொள்ளாதவர்கள், கோர்ட்டில் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் பந்து தானாகப் போகும். ஐந்தாவது ஆள் என் நண்பன். மாற்று ஆட்டக்காரர்களாகப் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர்.

அக்கா நைட் டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு நேராகக் கோர்ட்டுக்கு வருவார். நர்சிங் படிக்கும்போது ஆடியவர். ஒரு மாதம் முழுக்க யாரையும் கூடையைப் பார்த்துப் பந்து போட விடவில்லை. ஓடு, குனி, பக்கவாட்டில் நகரு, பந்தைக் கொடு. முடிந்ததும் வரிசையாக நிற்கவைத்து மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். யாருக்குத் துடிப்பு சீக்கிரம் அடங்குகிறதோ அவன் கடைசிவரை ஆடலாம்; அடங்காதவன் இன்னும் ஓட வேண்டும்.

"அக்கா, நாங்க பேஷண்ட் இல்ல," என்றான் குப்பத்துப் பையன்.

"அதை உன் நாடி சொல்லணும்."

பனிக்காலத்துக் காலையில் அந்தக் கோர்ட் வெள்ளையாக இருக்கும். ஷூ உராயும் சத்தம் முதலில் வரும், பிறகுதான் ஆட்கள் தெரிவார்கள். திருப்பதி பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும். நான் படியில் உட்கார்ந்தே இருப்பேன். ஒரு நாள் காணிப்பாக்கத்தான் பனிக்குள்ளிருந்து எழும்பி, வளையத்தின் மேல் கை வைத்துவிட்டு இறங்கினான். பந்து இல்லை, சும்மாதான் எழும்பினான். அன்று ஆபீசில் ஒரு வேலையும் ஓடவில்லை. ஜெயித்தாலும் ஜெயிப்போம் என்று முதல் தடவையாகப் பஸ்ஸுக்கு வெளியே நினைத்தேன். நினைத்ததும் பயம் வந்தது. தோற்றுக்கொண்டே இருந்தபோது அந்தப் பயம் இருந்ததில்லை.

டோர்னமெண்ட் தொடங்கிய சனிக்கிழமை எல்லோரும் வேனில் திருப்பதி போனோம். ஃபேக்டரியில் சீசன் இல்லாததால் நைனாவும் வந்தார். ரயில்வே ஸ்டேஷன் பின்னால் ஒரு சத்திரத்தில் ஒரே அறை. மத்தியானம் முதல் மேட்ச், நெல்லூர் டீமோடு.

அந்த மைதானத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். மேட்ச் பூராவும் எங்கள் பையன்கள் பின்தங்கியே ஓடினார்கள். அதிகமில்லை, ஒரு கை தூரம்தான். கடைசி நிமிஷத்தில் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம், பந்து எங்களிடம். அக்கா டைம்-அவுட் கேட்டார். ஐந்து பேரும் அவரைச் சுற்றிக் குனிந்தார்கள்.

எனக்குப் பக்கத்தில் நைனா எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்து ஏழுமலையானைக் கும்பிட்டார்.

"ஏடுகொண்டலவாடா, இந்தப் பசங்கள ஜெயிக்க வெச்சிடு. ஆடற அஞ்சு பேர் தலைமுடியும் உனக்குக் குடுத்துடறேன்."

மெதுவாகத்தான் சொன்னார். பெற்ற பிள்ளைகளுக்கு நேர்ந்துகொள்வதுபோல, யாரையும் கேட்காமல், இயல்பாகச் சொன்னார். எனக்கும் சின்ன வயதில் காய்ச்சலுக்கு இரண்டு தடவை அப்படித்தான் முடி போயிருக்கிறது.

விசில். குப்பத்துப் பையன் எங்கோ பார்த்துக்கொண்டு காணிப்பாக்கத்தானுக்குக் கொடுத்தான். அவன் எழும்பிப் போட்டான். பந்து வளையத்தின் மேல் சுற்றியது, சுற்றி வெளியே வந்தது. வந்த இடத்தில் என் நண்பன் இருந்தான். சர்ச்சில் சிம்பலைத் தட்டுவதுபோல உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினான். உள்ளே போனது. அதோடு மேட்ச் முடிந்தது.

நைனா என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "யாருடா ஜெயிச்சது? நம்மதானே? நம்மதானே?" ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாக, வெற்றியைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அடுத்த வருஷ அழைப்பு நிச்சயம் என்று செக்ரட்டரி சாரே வந்து கை கொடுத்தார். அக்காவுக்கு அன்று இரவும் டியூட்டி. சித்தூர் போய்விட்டுக் காலையில் வருவதாகக் கிளம்பினார். "துன்னுட்டுத் தூங்குங்க. எங்கயும் சுத்தாதீங்க. நாளைக்கு நாலு மணிக்கு செமி ஃபைனல்." நைனா நேர்ந்துகொண்டது அவருக்குத் தெரியாது.

சத்திரத்தில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே நைனா விஷயத்தை வெளியே விட்டார். காணிப்பாக்கத்தான் தலையைத் தடவிக்கொண்டான். அப்போதுதான் பக்கவாட்டில் கோடு போட்டு வெட்டியிருந்தான்.

"எங்க தலைய நீ எப்படி நைனா நேர்ந்துக்கலாம்?" என்றான் கார்வேட்டிநகரத்து மூத்தவன்.

"ஜெயிச்சீங்களா இல்லியா?"

"அது ஜெயிச்சோம்."

"அப்புறம் இன்னா?"

"டோர்னமெண்ட் முடிச்சிட்டுக் குடுக்கலாமே," என்றேன் நான்.

காணிப்பாக்கத்தான்தான் மறுத்தான். கோயில் தெருவில் வளர்ந்தவன். இந்த விஷயத்தில் அவன் பேச்சுக்கு எடை இருந்தது. "வத்து அன்னா. அவரு வட்டி வாங்கற சாமி. பாக்கி வெச்சிக்கினு செமி ஆடினா, அங்க வெச்சு வாங்கிப்பாரு. இன்னிக்கே போய்க் குடுத்துட்டு வந்துடலாம். நம்ம ஊரு மலைதானே."

நம்ம ஊர் மலைதானே. அந்த வார்த்தையில்தான் எல்லோரும் விழுந்தோம். வெளியூர்க்காரன் மாதக்கணக்கில் திட்டம்போட்டு வருவான். எங்களுக்கு அது கொல்லைப்புறம். காய்கறி வாங்கப் போவதுபோல ஏறி இறங்கிவிடலாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நினைப்பு. சனிக்கிழமை மலையில் என்ன கூட்டம் இருக்கும் என்று இந்த ஜில்லாவில் தெரியாத ஆள் கிடையாது. தெரிந்தேதான் கிளம்பினோம்.

நண்பன் ஓரத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். "நான் வரமுடியாதே, நைனா," என்றான். எல்லோரையும்போல அவனும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவான். "எங்க வீட்ல கேட்டா நான் இன்னா சொல்றது?"

"உன்னைக் கூப்பிடலப்பா. ஆனா அஞ்சுன்னு சொல்லிட்டேனே. நாலு குடுத்தா கணக்குத் தப்புமே."

"உன் தலையக் குடு," என்றான் குப்பத்துப் பையன்.

"என் தலையில இன்னா இருக்குது? சாமியை ஏமாத்தின மாதிரி ஆயிடும்." நைனா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து வழுக்கையைக் காட்டினார்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவன் நான். ஐந்து பேரில் ஒரு ஆள் குறைந்து, அந்த இடத்தை நிரப்பச் சொல்லி டீம் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நான் வர்றேன்," என்றேன். யோசிக்கவே இல்லை.

நண்பனும் இரண்டு பள்ளிப் பையன்களும் சத்திரத்தில் தங்கினார்கள். நாங்கள் ஆறு பேரும் பஸ் ஏறினோம். வளைவுகளில் திரும்பும்போது கீழே திருப்பதி விளக்குகள் ஒரு பக்கம் வந்து மறுபக்கம் போயின. மேலே முடியிறக்கும் கல்யாணகட்டாவில் வரிசையாக உட்கார்ந்தோம். தண்ணீர் தெளித்து, தேய்த்து, கத்தி ஏறியது. சவரம் செய்தவர் எங்கள் உயரத்தைப் பார்த்து "போலீஸ் செலக்‌ஷனா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துவிட்டு அந்தக் கேள்வியைத் திரும்ப எடுத்துக்கொண்டார். முடித்து எழுந்தபோது மலைக்காற்று தலையில் நேராக வந்து பட்டது. ஐந்து பேரும் ஒருவர் தலையை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சிரித்தோம். கார்வேட்டிநகரத்துத் தம்பி அண்ணன் தலையைத் தடவினான். அவர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தது எதற்காக என்று எனக்கு இன்றும் தெரியாது.

அப்போதே இறங்கியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு சாமியப் பாக்காம எப்படிடா போறது?" என்றார் நைனா. செல்போன்களைக் கொடுத்து வைத்துவிட்டு இலவச தரிசன வரிசையில் நுழைந்தோம். வரிசை ஒரு பெரிய கூடத்துக்குள் போய் நின்றது. கம்பிக் கதவைச் சாத்தினார்கள். முறை வரும்வரை அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

"காலையில விட்டுடுவாங்க," என்றான் காணிப்பாக்கத்தான்.

அந்தக் கூடத்தில் இருந்த நேரம் எனக்குக் கனவுபோலத்தான் ஞாபகம் இருக்கிறது. பால் கொடுத்தார்கள், பிறகு உப்புமா. விளக்குகள் அணையவே இல்லை. ஜனங்கள் தரையில் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். எங்கிருந்தோ ஒரு கோவிந்தா கிளம்பும். எல்லோரும் தூக்கத்திலேயே கோவிந்தா என்பார்கள். அது அடுத்த கூடத்துக்குப் போய், அதற்கடுத்த கூடத்துக்குப் போய், எங்கோ தொலைவில் கரையும். பையன்கள் சுவரில் சாய்ந்து மத்தியானத்து மேட்ச்சைத் திரும்ப ஆடினார்கள். பந்து வளையத்தில் சுற்றியதை ஒவ்வொருவரும் தன் இடத்திலிருந்து பார்த்தபடி சொன்னார்கள். நான்கு இடத்திலிருந்தும் அது வேறு வேறு பந்தாக இருந்தது. என்னிடமும் கேட்டார்கள், மேலே உட்கார்ந்தவனுக்கு எப்படித் தெரிந்தது என்று. சொன்னேன். அடுத்த வருஷம் எப்படி ஆடவேண்டும், செமி ஃபைனலில் யார் யாரைப் பிடிக்கவேண்டும் என்றெல்லாம் பேசிக்கொண்டே தூங்கிப்போனார்கள். வரிசையாக மொட்டைத் தலைகள். நான் தூங்காமல் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டதெல்லாம் அங்கே இருந்தது.

காலை வந்தது. பொங்கல் வந்தது. கதவு திறக்கவில்லை. பக்கத்துக் கூடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகி நிரம்பின. எங்களுக்கு முன்னால் இன்னும் எத்தனையோ இருந்தன. சூரியன் மேலே ஜன்னலுக்கு வந்தபோது குப்பத்துப் பையன் எழுந்து கதவையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தான். அனந்தபூர்க்காரர் ஒருவர் விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அவர் வழியாகக் கூடம் முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொருவராக எழுந்து கம்பிக் கதவுக்குப் போய், "பில்லலக்கி மேட்ச் உந்தி, முந்து பம்பிச்சண்டி," என்று காவலரிடம் சொன்னார்கள், பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள் என்று. வேலூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் தன் பேரக்குழந்தையைப் பரீட்சைக்கு அனுப்புவதுபோல எங்களுக்காகக் கெஞ்சினார். காவலர் பாவம், அவர் என்ன செய்வார். அவருக்கும் மேலே உத்தரவு. ஆனால் அத்தனை கூட்டமும் நகர்ந்து எங்களைக் கதவுக்குப் பக்கத்தில் முதல் ஆளாக நிறுத்தியது. கதவு திறந்தால் நாங்கள்தான் முதலில் ஓட வேண்டும் என்று எல்லோரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள்.

"திரும்பிப் போயிடலாமா, நைனா?" என்று கேட்டேன்.

அவர் எங்கள் பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். வந்த வழியில் போகவே முடியாது. முன்னால் போவது ஒன்றுதான் வெளியே வரும் வழி.

கதவு திறந்தபோது மூன்று மணி தாண்டியிருக்கும். ஓடினோம். பாஸ்கெட்பால் ஆடுகிறவர்களால் ஓட முடியும். ஆனால் வரிசை வளைந்து வளைந்து போய் இன்னொரு வரிசையில் நின்றது. கோயிலுக்குள் நுழைந்தபோது நாலு அடித்திருக்கும் என்று தோன்றியது. கற்பூர வாசனை, தோளோடு தோள் நசுங்கல், பிறகு எல்லாம் விலகி, தொலைவில் ஒரு தீப வெளிச்சத்தில் அவர் நின்றார். ஒரு நொடிதான். கீழே கோர்ட்டில் விசில் ஊதியிருப்பார்கள். எனக்கு முன்னால் நைனா கைகூப்பி ஏதோ கேட்டார். நானும் கேட்டேன். எப்படியாவது யாராவது ஐந்து பேர் அங்கே நிற்கட்டும் என்று கேட்டேன். நகருங்கள், நகருங்கள் என்று கை தள்ளியது.

போனை வாங்கித் திறந்தபோது அக்காவிடமிருந்து எடுக்காத அழைப்புகள் வரிசையாக இருந்தன. கடைசியில் ஒரு குரல் பதிவு. எல்லோரும் குனிந்து கேட்டோம். கத்துவார் என்று நினைத்தோம். அமைதியான குரலில், "மொட்டை எல்லாம் நல்லா வந்துச்சா?" என்று மட்டும் இருந்தது.

நாங்கள் மைதானத்துக்குப் போனபோது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் நண்பனும் இரண்டு பையன்களும் நீல ஜெர்சியோடு படியில் உட்கார்ந்திருந்தார்கள். நண்பன் என் தலையைப் பார்த்தான்.

"ரெஃப்ரி வாட்சைப் பாத்துக்கினே இருந்தாரு," என்றான். "நான் ஓடிக்கினே இருந்தேன். வார்ம்-அப் பண்ணிக்கினே இருந்தா நேரம் குடுப்பாருன்னு நினைச்சேன். அப்புறம் நாங்க மூணு பேரும் போய் லைன்ல நின்னோம். அஞ்சு பேர் இல்லாம ஆரம்பிக்க முடியாதுன்னுட்டாரு. இருபதுக்கு ஜீரோ."

"ஆடாமலே இருபது போட்டுட்டாங்களா?" என்றார் நைனா. "யாருப்பா போட்டது?"

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போய் நின்றார். காணிப்பாக்கத்தான் போய் அவர் பக்கத்தில் நின்றான்.

அதைவிடப் பெரிய இடி டோர்னமெண்ட் நடத்துபவர்களின் மேஜையில் காத்திருந்தது. வராமல் விட்ட டீமை மறுவருஷம் கூப்பிடுவதில்லை என்பது அவர்கள் விதி. ஜெயித்து வாங்கிய அழைப்பு போய்விடும்.

செக்ரட்டரி சார் எங்கள் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரிய நாமம் போட்டவர். திட்டவும் முடியாமல் விடவும் முடியாமல் தவித்தார்.

"ஏமய்யா, மொக்கு, வேண்டுதல், தீர்க்க இன்னொரு நாள் கெடைக்கலியா உங்களுக்கு? நாளைக்கு மலை எங்கயாவது போயிடுமா?"

"நான்தான் நேர்ந்துக்கினேன் சார்," என்றார் நைனா. "பசங்க மேல தப்பில்ல. எனக்குப் படிப்பும் இல்ல, இந்த ஆட்டமும் தெரியாது. இவங்க ஜெயிக்கணும்னு மட்டும்தான் தெரியும்."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முந்தின இரவும் தூங்காதவர். "மொத மேட்ச் ஜெயிச்சா அடுத்த வருஷம் உண்டுன்னு நீங்கதான் சார் சொன்னீங்க. ஜெயிச்சாங்க. வருஷக்கணக்கா தோத்த டீமு, ஒரு சீசன்ல எழுப்பிக் கொண்டாந்திருக்கேன். இதை இப்ப கலைச்சா, மறுபடி கூப்பிட்டா வரமாட்டாங்க. ஆளுக்கு ஒரு ஊருக்குப் போயிடுவாங்க. எனக்குத் தெரியும்."

செக்ரட்டரி சார் உள்ளே போய் இன்னும் இரண்டு பேரோடு பேசினார். வெளியே நாங்கள் நின்றோம். மலைமேல் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறின. தோற்றுப்போன சாயங்காலங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் அடுத்த வருஷம் என்று ஒன்று சும்மாவே கிடைத்துவிடும். அன்றுதான் அது கிடைக்குமா என்று வாசலில் நின்றோம். அந்தத் தவிப்பு எனக்கு மட்டுமில்லை, காணிப்பாக்கத்தான் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றதைப் பார்த்தேன். காசு தருவார்களா என்று கேட்டு வந்தவன் அவன்.

செக்ரட்டரி சார் வந்தார். "ரூல் ரூலே. ஆனா பெருமாள் வாசல்ல இருந்து வந்தவங்கள வெளிய தள்ள எங்க மூணு பேருக்கும் மனசு வரல. அபராதம் கட்டிடுங்க. எட்டுல ஒண்ணு உங்களுது."

நைனா மலையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இப்ப யாருடா ஜெயிச்சது?" என்றார், நிஜமாகவே தெரியாமல்.

அக்கா பர்சைத் திறந்தார், நாங்கள் பாக்கெட்டுகளைத் திறந்தோம், நண்பன் ஊருக்குத் திரும்ப வைத்திருந்த வேன் காசையும் போட்டான். அடுத்த வருஷத்துக்கு நாங்கள் கொடுத்த விலை மூவாயிரம் ரூபாய்.